பெங்களூரில் ஏல வீடு: மலிவின் விலை என்ன?

பகல் 12 மணியாக இன்னும் இரண்டு நிமிடம். கணினித் திரையில் பெல்லந்தூர் பக்கத்து அடுக்குமாடி வீடு ஒன்றின் முகவரி, சதுர அடி, கடன் கொடுத்த வங்கியின் பெயர். அதற்குக் கீழே இதுவரை கேட்கப்பட்ட உயர்ந்தபட்சத் தொகை. பக்கத்தில் ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசி நிமிடத்தில் முகம் தெரியாத யாரோ ஒருவர் 50,000 ரூபாய் ஏற்றுகிறார். உடனே கடிகாரம் மறுபடி ஐந்து நிமிடத்துக்குத் தாவுகிறது. இன்னொருவர் ஏற்றுகிறார். மறுபடி ஐந்து நிமிடம். 12 மணிக்கு முடிய வேண்டியது ஒன்றரை மணிவரை இழுக்கிறது. கணவர் திரை முன்னால் உட்கார்ந்திருக்க, மனைவி அலுவலகத்திலிருந்து போனில் இருக்கிறார். போட்டி போடும் இருவருமே அந்த வீட்டுக்குள் காலடி வைத்ததில்லை. பூட்டிய கதவையும் அதில் ஒட்டியிருந்த வங்கி நோட்டீசையும் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. வங்கிகள் கைப்பற்றிய சொத்துகள் ஏலம் போகும் நாட்களில் பெங்களூர் வீடுகளில் வழக்கமாக நடக்கும் காட்சி இது.

80 லட்சம் போகும் வீடு 65 லட்சத்துக்கு வருகிறது என்ற பேச்சு அலுவலக கேன்டீன்களிலும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓயாமல் ஓடுகிறது. சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு இந்த நகரத்தின் வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட நிலையில், அந்தப் பேச்சில் ஈர்ப்பு இருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஏலத்தில் கண்ணுக்குத் தெரியும் மலிவைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்வதுதான் சறுக்கும் இடம். சொத்தோடு சேர்ந்து வரும் சிக்கலைத் தலையில் ஏற்றிக்கொள்வதற்காக வாங்குபவருக்குக் கிடைக்கும் கூலி அது. சிக்கலை எடைபோடத் தெரிந்த சிலர் மட்டும் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தவரை அந்தக் கூலி ஓரளவு ஈடாக இருந்தது. இணையம் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. போட்டி கூடக் கூட விலை ஏறுகிறது, கூலி கரைகிறது, சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கடிகாரத்திலிருந்து கட்டடம் வரை

இணைய ஏலம் இந்தியாவுக்கு வந்தது சின்னச் சாமான்களோடுதான். 2000இல் தொடங்கிய பாஸீ.காம் தளத்தில் கைக்கடிகாரம், பழைய கேமரா, நாணயம், அஞ்சல்தலை எல்லாம் ஏலம் போயின. 2004இல் அமெரிக்காவின் ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கித் தன் பெயரைச் சூட்டியது. 2017இல் ஈபே இந்தியா பெங்களூரின் ஃபிளிப்கார்ட் கைக்கு வந்தது. 2018 ஆகஸ்டில் ஃபிளிப்கார்ட் அதை இழுத்து மூடியது. அன்றாடச் சாமான்களை ஏலத்தில் எடுக்கும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. பேரம் வேண்டாம், விலையைச் சொல், நாளை வீட்டுக்கு வந்தால் போதும் என்று வாங்குபவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஈபேயிலேயே உலகம் முழுவதும் ஏலத்தின் பங்கு சரிந்து, நிலையான விலைதான் பெரும்பகுதி ஆனது.

பெரிய சொத்துகளில் கதை நேர் எதிர். 2010இல் 3ஜி அலைக்கற்றை ஏலம் கணினி வழியே 34 நாட்கள், 183 சுற்றுகள் நடந்து அரசுக்கு 67,719 கோடி ரூபாய் தந்தது. 2012இல் 2ஜி உரிமங்கள் 122ஐ உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2014இல் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளும் அதே வழியில் போயின. வேண்டியவருக்கு எழுதிக்கொடுப்பதைவிட எல்லோர் கண்முன்னும் ஏலம் விடுவதே நேர்மை என்ற எண்ணம் நாட்டில் வலுத்தது. வங்கிகளும் அந்த வழிக்கு வந்தன. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், அடமான வீட்டை நீதிமன்றம் போகாமலே கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை அவற்றுக்குத் தந்திருந்தது. பிறகு விற்பனை முழுவதும் இணையத்துக்கு மாறியது. 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்காக பேங்க்நெட் என்ற பொதுத் தளத்தைத் தொடங்கியபோது, அதில் ஏற்றப்பட்டிருந்த சொத்துகளின் எண்ணிக்கை 1,22,500ஐத் தாண்டியிருந்தது.

—————————
பெட்டிச் செய்தி: பணம் கட்ட வேண்டிய நாள்கள்

ஏலத்தில் கலந்துகொள்ள இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். இது பெரும்பாலும் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம்.

ஏலம் உங்கள் பெயரில் முடிந்தால், இ.எம்.டி.யையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றைக்கே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும்.

மீதி 75 சதவீதம், விற்பனை உறுதியான 15 நாளுக்குள். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் நீட்டிப்பு உண்டு. அதுவும் மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது.

தவறினால் கட்டிய பணம் வங்கிக்கே. சொத்து மறு ஏலத்துக்குப் போகும்.

கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்ந்தது.
—————————

கூட்டம் கூடினால் லாபம் யாருக்கு?

ஏலத்தில் ஆள் கூடினால் விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை அளந்து காட்டும் சான்று ஒன்று கர்நாடகத்திலேயே இருக்கிறது. 2014இலிருந்து இந்த மாநிலம் தன் விவசாய விளைபொருள் மண்டிகளை ஒவ்வொன்றாக ஒரே இணைய ஏலத் தளத்தில் இணைத்தது. அதுவரை அந்தந்த மண்டியில் நாலைந்து வியாபாரிகள் கண் ஜாடையில் விலையை முடித்துக்கொண்ட இடத்தில், வெளியூர் வியாபாரியும் கணினியில் விலை போட முடிந்தது. இந்த மாற்றத்தை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, நெல் விலை சராசரியாக 5.1 சதவீதமும் நிலக்கடலை 3.6 சதவீதமும் மக்காச்சோளம் 3.5 சதவீதமும் ஏறியதாகக் கணக்கிட்டது. ஏறிய விலை விவசாயிக்குப் போனது. கொண்டாட வேண்டிய செய்தி. அதே இயந்திரத்தை வீட்டு ஏலத்துக்குத் திருப்பினால், ஏறும் விலை கடன்காரருக்கும் வங்கிக்கும் போகிறது. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இணைய ஏலம் விற்பவருக்கு நல்ல விலை கிடைப்பதற்காகத் தீட்டப்பட்ட கருவி. வாங்குபவருக்கு மலிவு தேடித் தருவது அதன் வேலை இல்லை.

போட்டி தரும் இன்னொரு ஆபத்து, அளவறியாத விலை. அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் மூன்று பேர் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகையை ஏலத்தில் வென்ற நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபத்தை ஏன் பார்க்கவில்லை என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. கடலடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு மதிப்பீடு வைத்திருக்கும். சில குறைவாக இருக்கும், சில அதிகமாக. ஏலத்தில் ஜெயிப்பது யார்? எல்லோரிலும் அதிகமாக மதிப்பிட்டவர், அதாவது பெரும்பாலும் தப்பாக மதிப்பிட்டவர். 'வென்றவரின் சாபம்' என்று பொருளாதாரத்தில் இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஏலக் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்த பால் மில்க்ரோமும் ராபர்ட் வில்சனும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள். வில்சன் விளக்கியவற்றில் ஒன்று, விவரம் தெரிந்தவர்கள் இந்தச் சாபத்துக்குப் பயந்து எப்படித் தங்கள் கேட்பைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது. உள்ளே போய்ப் பார்க்க முடியாத வீடும் கடலடி எண்ணெயும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். நிலவரம் தெரிந்த புரோக்கர் 58 லட்சத்தில் நிறுத்திக்கொள்கிறார். தெரியாத குடும்பம் 66 லட்சம்வரை போகிறது. அந்த 8 லட்சத்தைப் போட்டியில் பெற்ற வெற்றி என்று அந்தக் குடும்பம் நினைத்துக்கொள்கிறது.

'உள்ளது உள்ளபடி'

வங்கி ஏல அறிவிப்பு எதை எடுத்தாலும் ஒரு வரி இருக்கும்: சொத்து இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில், உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது. பொடி எழுத்தில் இருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த வரிக்கு எவ்வளவு கனம் என்பதை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கே.சி. நைனான் வழக்கில் காட்டியது. முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன மின்கட்டணப் பாக்கியை ஏலத்தில் எடுத்தவரிடம் மின்வாரியம் கேட்கலாமா என்பது கேள்வி. விதிகள் இடம் கொடுத்தால் கேட்கலாம், உள்ளது உள்ளபடி வாங்கியவர் விசாரித்துத்தான் வாங்கியிருக்க வேண்டும் என்றது மூன்று நீதிபதிகள் அமர்வு. மின்கட்டணம் ஒரு வகை. அதற்குப் பின்னால் சொத்து வரி பாக்கி, குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புப் பாக்கி என்று ஒவ்வொன்றாக வரிசை கட்டி நிற்கும். கடன் தவணையே கட்ட முடியாமல் போனவர் பராமரிப்புப் பணத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பெங்களூர் தன் பங்குக்கு இன்னும் சில முடிச்சுகளைப் போடுகிறது. முதலாவது கத்தா. மாநகராட்சிப் பதிவேட்டில் சொத்து யார் பேரில், எந்த வகையில் இருக்கிறது என்று சொல்லும் ஆவணம். ஏ கத்தா இருந்தால் பிரச்சினை குறைவு. வரைபட அனுமதியோ நில மாற்றமோ ஒழுங்காக நடக்காத சொத்துகள் பி கத்தாவில் கிடக்கும். அதன் மேல் கடன் வாங்குவதும் திரும்ப விற்பதும் சிரமம். 2024 அக்டோபரிலிருந்து நகரத்தில் பத்திரப் பதிவுக்கு, கத்தாவின் மின்னணு வடிவமான இ-கத்தா கட்டாயம். பழைய உரிமையாளர் அதை எடுக்காமல் விட்டிருந்தால் அலைச்சல் புதியவருக்கு. இரண்டாவது முடிச்சு ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் குடியேற்றச் சான்றிதழ். அது இல்லாத கட்டடங்களுக்கு மின்சாரம், குடிநீர் இணைப்பு தரக் கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதை அடுத்து, நகரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் 2025இல் அத்தகைய கட்டடங்களுக்குப் புதிய இணைப்பை நிறுத்தியது. சிறிய மனைகளுக்குப் பிறகு விலக்கு கிடைத்தது. பெரிய அடுக்குமாடிகள் அதில் வரவில்லை. ஏல அறிவிப்பில் கத்தா எந்த வகை, ஓ.சி. உண்டா என்ற இரண்டு சொல் சேர்த்துவிட்டால் போதும், பாதிக் குழப்பம் தீரும். பல அறிவிப்புகளில் அந்த இரண்டு சொல்லைத் தேடியும் பார்க்க முடிவதில்லை.

சாவி யார் கையில்?

கடன் தவணை நின்றுபோனால் வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். அதற்கும் பணம் வராவிட்டால் சொத்தைச் சுவாதீனம் எடுக்கும். சுவாதீனம் இரண்டு வகை. வீட்டைக் காலி செய்து, பூட்டி, சாவியை வங்கி வைத்துக்கொள்வது நேரடிச் சுவாதீனம். கதவில் நோட்டீஸ் ஒட்டி, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டு, உள்ளே இருப்பவரை அப்படியே விட்டுவைப்பது அடையாளச் சுவாதீனம். இரண்டாவது நிலையிலேயே ஏலம் விடச் சட்டம் தடையாக இல்லை. அப்படி எடுத்தவர் கையில் விற்பனைச் சான்றிதழ் இருக்கும், வீட்டுக்குள் வேறு குடும்பம் இருக்கும். மாஜிஸ்திரேட் உதவியோடு காலி செய்ய வைப்பதற்குச் சட்டம் 30 நாள், அதிகபட்சம் 60 நாள் என்று கெடு வைத்திருக்கிறது. நடைமுறை அந்தக் கெடுவுக்குள் அடங்குவதில்லை. உள்ளே இருப்பவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினால் மாதங்கள் உருளும்.

உள்ளே இருப்பவர் கடன்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெங்களூரில் லீஸ் முறை, நம் பக்கத்தில் சொல்லும் போக்கியம், மிகச் சாதாரணம். 12 லட்சமோ 15 லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருஷம் இருந்து, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. வீட்டுக்காரர் கடனில் மூழ்கிவிட்டால் அந்தப் பணமும் அதோடு மூழ்கும். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வங்கி நோட்டீஸ் தொங்கும். வங்கியைக் கேட்டால் உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை என்பார்கள். வீட்டுக்காரரின் போன் அணைந்திருக்கும். ஆயுள் சேமிப்பு முழுவதையும் அந்த வீட்டில் போட்டுவிட்ட ஒரு குடும்பம், ஏலத்தில் எடுத்தவர் வந்து சான்றிதழைக் காட்டினால் எப்படி எழுந்து போகும்? இரண்டு பக்கமும் தப்பு செய்யாத மனிதர்கள். நடுவில் ஒரு வாசற்படி. ஏலத் திரையில் அந்த வாசற்படிக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கணக்காகவே பார்த்துவிடலாம். சந்தையில் 80 லட்சம் போகும் வீட்டை 66 லட்சத்துக்கு ஏலத்தில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மிச்சம் 14 லட்சம். பதிவுச் செலவு எப்படி வாங்கினாலும் உண்டு என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். உள்ளே இருப்பவர் காலி செய்ய ஒரு வருஷம் ஆனால், 66 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி சுமார் 5.6 லட்சம். பராமரிப்பு, வரி, மின்கட்டணப் பாக்கி 2.5 லட்சம். வக்கீல் செலவு 1.5 லட்சம். இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தோ, கோபத்தில் காலி செய்தவர் குழாயையும் சுவிட்சையும் பிடுங்கிப் போட்டோ இருக்கும் வீட்டைச் சரிசெய்ய 4 லட்சம். கூட்டினால் 13.6 லட்சம். இதற்கு நடுவே தான் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டிய வாடகை இந்தக் கணக்கில் சேரவில்லை.

—————————
பெட்டிச் செய்தி: 1,000 ரூபாய்க்கு ஐபோன்?

விலை போடுவதற்கே காசு வாங்கும் 'பென்னி ஏலம்' என்றொரு வகை 2000களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. முன்னணியில் நின்ற ஸ்வூப்போ என்ற தளம் 2011இல் திவாலானது.

கணக்கு எளிது. 20,000 ரூபாய் போன் ஒன்று. ஒவ்வொரு சொடுக்குக்கும் 5 ரூபாய் கட்டணம், ஒவ்வொரு சொடுக்கும் விலையை 10 பைசா உயர்த்தும் என்று வைத்துக்கொள்வோம். போன் 1,000 ரூபாய்க்கு முடிந்தால் 10,000 சொடுக்குகள் விழுந்திருக்கின்றன. தளத்துக்குக் கட்டணமாக மட்டும் 50,000 ரூபாய். ஜெயித்தவர் ஒருவர். மற்ற எல்லோரும் கட்டணத்தை இழந்தவர்கள்.

ஸ்வூப்போவின் 1,60,000க்கும் மேற்பட்ட ஏலங்களை ஆராய்ந்த ஒரு பொருளாதார ஆய்வு, பொருளின் மதிப்பைப் போலச் சராசரியாக ஒன்றரை மடங்கு பணம் தளத்துக்கு வந்ததாகக் கண்டது. தோற்றாலும் பணம் திரும்பி வராத ஏலம் எதுவானாலும் விலகி நிற்பதே நல்லது.
—————————

சட்டம் துணை நிற்கிறதே?

வீட்டு ஏலம் பற்றிய இந்த எச்சரிக்கைக்கு எழும் முதல் மறுப்பு இது: விற்பது வங்கி, நடப்பது சட்டப்படி, நீதிமன்றங்களும் ஏலத்தில் எடுத்தவரைக் காப்பாற்றுகின்றன. உண்மைதான். 2023 செப்டம்பரில் செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஏல அறிவிப்பு வெளியானதோடு கடன்காரர் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை முடிகிறது. ஏலதாரர்களுக்கு இது பெரிய பலம். ஆனால் அந்த வழக்கின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். எட்டு முறை விலை போகாத சொத்து, ஒன்பதாவது ஏலத்தில் 2023 ஜூன் கடைசியில் 105.05 கோடிக்கு முடிந்தது. ஜூலைக்குள் முழுப் பணமும் கட்டியாயிற்று. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் கடன்காரரைச் சொத்தை மீட்க அனுமதித்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. பிறகும் இழுபறி ஓயாமல், அவமதிப்பு வழக்கில் 2024 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டது. 105 கோடி போட முடிந்த நிறுவனத்துக்கு உச்ச நீதிமன்ற வக்கீல் வைக்கவும் முடியும். பி.எஃப். பணத்தை எடுத்து, நகையை வைத்து 66 லட்சம் புரட்டிய குடும்பம் எத்தனை நீதிமன்றம் ஏறும்?

சட்டம் ஏலதாரர்மேல் கண்டிப்பாக இருக்கும் இடமும் உண்டு. சென்னையில் எழுந்த சண்முகவேலு வழக்கு அதற்குச் சாட்சி. பணமதிப்பு நீக்கத்தை அடுத்த மாதமே, 2016 டிசம்பரில், சுமார் 12 கோடி ரூபாய்க்குச் சொத்தை ஏலத்தில் எடுத்தவர் 25 சதவீதத்தைக் கட்டினார். மீதியைக் கெடுவுக்குள் புரட்ட முடியவில்லை. வங்கி மறு ஏலத்தில் அதைவிடக் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டது, அதற்கு நஷ்டமே இல்லை. ஆனாலும் கட்டிய 25 சதவீதம், அதாவது சுமார் 3 கோடி, முழுவதையும் வங்கி வைத்துக்கொண்டது சரிதான் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏலத்தில் சும்மா விலை ஏற்றிவிட்டு ஓடுபவர்களைத் தடுக்க அந்த விதி தேவை என்ற நீதிமன்றத்தின் காரணத்தில் பலம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளும்போதே, வீட்டுக் கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏலத்துக்குப் போகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுப் போக வேண்டும். ஆவணத்தில் ஒரு குறை இருந்தால் கடன் கொடுக்கும் வங்கி 15 நாளில் கையெழுத்துப் போடாது. பணம் கட்டும் கெடு அதற்காக நிற்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. நேரில் ஏலம் நடந்த காலத்தில், 'ஒரு தரம், ரெண்டு தரம்' சொல்லும் முன்பே நாலு புரோக்கர்கள் கூடிப் பேசி, வெளியாளை மிரட்டி, அடிமாட்டு விலைக்கு அடித்துக்கொண்டு போனார்கள். நஷ்டம் கடன்காரருக்கு. இணையம் அந்தக் கூட்டணியை உடைத்தது. சாதாரண மக்களை ஏலத்திலிருந்து விலகச் சொன்னால் பழைய கூட்டணிதானே திரும்பி வரும்? இந்தக் கேள்வியை மதிக்க வேண்டும். வீட்டை இழப்பவரும் ஒரு குடும்பம்தான். கடன்போக மிஞ்சும் தொகையை அவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்று சர்ஃபாசி சட்டம் சொல்கிறது. விலை குறைந்தால் மீதிக் கடன் அவரைத் துரத்தும். எனவே ஏலத்துக்கு ஆள் வரட்டும், நிறைய வரட்டும். அவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வரக் கூடாது என்பதுதான் கோரிக்கை. விவரம் தெரிந்த போட்டியாளர்கள் பெருகினால் விலை நியாயமாகவே இருக்கும், சிக்கல் இல்லாத சொத்துக்கு இன்னும் கூடுதலாகவே கிடைக்கும். விவரம் மறைந்திருக்கும்போது நல்ல சொத்தும் சந்தேகத்தில் விலை குறைகிறது, கெட்ட சொத்து அறியாதவர் தலையில் விழுகிறது.

அரசு அமைப்பிடம் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்பது மூன்றாவது வாதம். பெங்களூர் வளர்ச்சி ஆணையம், அதாவது பி.டி.ஏ., 1984ஆம் ஆண்டு விதிகளின்படி மூலை சைட்டுகளை ஏலத்தில் விற்கிறது. இப்போது அதுவும் இணையத்தில். தானே லேஅவுட் போட்ட நிலத்தை விற்பதால் வங்கி ஏலத்தைவிட ஆவணம் தெளிவாக இருக்கும், உள்ளே குடியிருப்பவர் பிரச்சினை குறைவு. அதனாலேயே அங்கே மலிவு என்ற பேச்சுக்கு இடமில்லை. சிக்கல் குறைந்த இடத்தில் விலை சந்தையைத் தொடுகிறது, சில சமயம் தாண்டுகிறது. அரசு முத்திரை இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பதற்கு பி.டி.ஏ.வின் அர்க்காவதி லேஅவுட் போதும். 2004இல் 16 கிராமங்களில் 2,750 ஏக்கருக்கு இறுதி அறிவிக்கை வந்தது. நில உரிமையாளர்களின் வழக்குகள் 2010இல் உச்ச நீதிமன்றம்வரை போயின. நிலத்தை விடுவித்ததில் முறைகேடு என்ற புகாரை விசாரிக்க 2014இல் நீதிபதி கெம்பண்ணா ஆணையம் அமைந்தது. பி.டி.ஏ. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சைட்டுக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம்.

அலமாரிக்குள் இருக்கும் கோப்பு

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு உண்டு. கடன் கொடுப்பதற்கு முன் வங்கியின் வக்கீல் முப்பது வருஷப் பத்திரங்களைப் பார்த்து எழுதிய சட்டக் கருத்துரை அதில் இருக்கும். வில்லங்கச் சான்று இருக்கும். மதிப்பீட்டாளர் நேரில் போய் எடுத்த படங்கள், வரைபட அனுமதி, கத்தா நகல், வரி ரசீது எல்லாம் இருக்கும். ஏலத்துக்கு முன் குறைந்தபட்ச விலை வைக்க இன்னொரு மதிப்பீடும் எடுக்கப்படுகிறது. தன் பணம் போகும்போது அவ்வளவையும் கேட்டு வாங்கிய வங்கி, இன்னொருவர் பணம் வரும்போது அந்தக் கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறது. தளத்தில் ஏறுவது வெளிச்சுவரின் ஒரு புகைப்படமும் நான்கு எல்லைகளும் மட்டும். 'எங்களுக்குத் தெரிந்தவரை வில்லங்கம் இல்லை' என்ற வரியும் உண்டு. விதியும் அதற்குத்தான் இடம் தருகிறது. சர்ஃபாசி சட்டத்தின் 2002ஆம் ஆண்டு விதிகளில் 8(6), வங்கிக்குத் 'தெரிந்த' வில்லங்கங்களை அறிவிப்பில் சொல்லச் சொல்கிறது. தேடிப் பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. எனவே தேடாமல் இருப்பதே வங்கிக்குப் பாதுகாப்பாகிவிடுகிறது.

நீதிமன்றங்கள் இந்த இடத்தைத் தொட ஆரம்பித்திருக்கின்றன. டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்கும் கார்ப்பரேஷன் வங்கிக்கும் நடந்த வழக்கில், சொத்தின் மேல் ஆணையத்துக்கு இருந்த உரிமை ஏலத்தில் எடுத்தவருக்குச் சொல்லப்படவில்லை என்பதால், அவர் பணத்தை வட்டியோடு திருப்பித் தர 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏலத்துக்கும் அந்த உத்தரவுக்கும் நடுவே பத்தாண்டுக்கும் மேல் போயிருந்தது. அதே மாதத்தில், தமிழ்நாட்டிலிருந்து போன கே.பி.கே. ஆயில்ஸ் வழக்கில், சர்ஃபாசி சட்டத்துக்கும் அதன் விதிகளுக்கும் நடுவே உள்ள முரண்களைக் கவனிக்கும்படி நிதி அமைச்சகத்தை அந்த நீதிமன்றம் கேட்டுக்கொண்டது.

பேங்க்நெட் தளத்தை உருவாக்கியதும் அதே அமைச்சகம்தான். விதிகளைத் திருத்த உட்காரும்போது 8(6)இல் இரண்டு வரி சேர்த்தால் போதும். அறிவிப்புக்கு முந்தைய 30 நாளுக்குள் எடுத்த வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்துரை, உள்ளாட்சி, மின்வாரிய, குடியிருப்புச் சங்கப் பாக்கி விவரம், கத்தா வகை, ஓ.சி. நகல் ஆகியவை தளத்தில் ஏறாமல் எந்தச் சொத்தையும் ஏலம் விடக் கூடாது என்பது ஒன்று. மனிதர் குடியிருக்கும் வீட்டை நேரடிச் சுவாதீனம் எடுக்காமல் விற்கக் கூடாது என்பது இன்னொன்று. வங்கிகள் செலவு கூடும், காலம் தாழும் என்று எதிர்க்கும். அந்தச் செலவும் காலமும் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஒரே வேறுபாடு, இன்று அவற்றைச் சுமப்பது கோப்பைப் பார்த்தே இராத குடும்பம். அதுவரை ஏலத்துக்குப் போக நினைப்பவர்கள் இ.எம்.டி. கட்டுவதற்கு முன் வங்கிக் கிளைக்கு நேரில் போய், சட்டக் கருத்துரையின் நகலை எழுத்தில் கேட்கலாம். கொடுத்தால் ஒரு வக்கீலிடம் காட்டலாம். கொடுக்க மறுத்தால், அந்த மறுப்புக்கு எத்தனை லட்சம் கழிக்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு திரை முன் உட்காரலாம்.